3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய பிக்கப்: கையிலிருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

பரவை காய்கறி:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். பழைய பொலேரோ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். 2018 மாடல், பி.எஸ்.4 புகை விதி, 2523 சி.சி. காமன் ரெயில் இன்ஜின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் தெளிப்பது). டி.என்.57 வண்டி, நான் மூன்றாவது ஓனர். மீட்டர் 3,10,000 காட்டுகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி பரவையிலும் மாட்டுத்தாவணியிலும் இறக்குவது அன்றாட வேலை. சீசனில் கொடைக்கானல் ஏறி கேரட், பீன்ஸ் எடுத்துவர வேண்டியிருக்கும்.

வண்டி விலை, பேர் மாற்றும் செலவு எல்லாம் போகக் கையில் ஒரு லட்சம் நிற்கிறது. அதை எதில் போடுவது என்றுதான் குழப்பம். லோடு தாங்கப் பின்னாடி ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டை சேர்க்கச் சொல்கிறார் ஒருவர். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடு, இனி தொல்லை இருக்காது என்கிறார் இன்னொருவர். எல்.இ.டி. லைட், ரீமேப் (இழுவை கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), முன்னால் கம்பி கார்டு என்று மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வண்டியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. லோடோடு ஏற்றம் ஏறினால் கரும்புகை தள்ளுகிறது, இழுவையும் குறைவு. மத்தியான வெயிலில் நான்கு வழிச்சாலையில் வந்தால் ஹீட் முள் பாதியைத் தாண்டுகிறது. ஆயில் குறைவதாகத் தெரியவில்லை. பிரேக் முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் மேலே வந்து பிடிக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?


கப்பலூர் பட்டறை:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் பிரேக்தான் முதல் வேலை. அது முடியும்வரை மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொடைக்கானல் ஏறும்போது வண்டி காலி. லோடு ஏற்றுவது உச்சியில். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே உள்ள ஊரிலிருந்து வத்தலக்குண்டு வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், முழு லோடோடு இறங்கிக்கொண்டே வரவேண்டும். சமவெளியில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் இழுவையைப் பற்றி முதலில் பேசலாம். உங்கள் வண்டிக்கு நிறுத்தம்தான் முதல் பேச்சு.

இரண்டாவது மிதியில் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், இல்லாவிட்டால் பைப்பில் காற்று ஏறியிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் கப் போயிருக்கும். நீங்களே பார்த்துவிடலாம். இன்ஜினை ஓடவிட்டு மிதியை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருங்கள். அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர், அல்லது எங்கோ கசிவு. பஞ்சு போல அமுங்கினால் காற்று. உறுதியாக நின்று, மறுபடி மிதிக்கும்போது மட்டும் உயர்ந்தால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்.

எதுவாக இருந்தாலும் நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். பின்னாடி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு ஆரம்பமாகிவிட்டது. முன்னாடி டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் அச்சடித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கடைந்து ஓட்டக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஆயிலை முழுசாக வடித்துப் புதிது ஊற்றுங்கள். இதை நம்ம ஊரில் யாரும் செய்வதில்லை, குறைந்தால் மேலே ஊற்றுவதோடு சரி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அதுவே 140 டிகிரியில் கொதிக்க ஆரம்பிக்கலாம். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சிலிண்டர் பக்கத்தில் இந்தச் சூடு வந்துவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் வரும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பழைய வண்டியை வாங்கியவருக்கு, அதில் கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினார்கள் என்று அறிய வழியில்லை. அதனால் மாற்றிவிட்டு, அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருஷக் கணக்கை ஆரம்பியுங்கள். மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.


உசிலம்பட்டி லோடு:

பிரேக் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காய்கறி வண்டிக்கு பட்டை சேர்க்காமல் ஓட்டுவது கஷ்டம் தம்பி. ஒட்டன்சத்திரத்தில் வியாபாரி மூட்டையை எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார், தக்காளிப் பெட்டி மேலே மேலே ஏறும். பட்டை பலமில்லாவிட்டால் வண்டி பின்னாடி உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங் லேசாகி முன் சக்கரம் மிதக்கும். எங்கள் பக்கம் எல்லா வண்டியிலும் ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகத்தான் இருக்கிறது.

ஹீட்டுக்கு ரேடியேட்டர் பக்கத்தில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுங்கள். நம்ம வெயிலுக்கு அது தேவையே இல்லை. குளிர் நாட்டுக்குச் செய்த சாமான் அது.


கப்பலூர் பட்டறை:

அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த இரண்டு யோசனையும் இந்தத் தம்பியின் வண்டிக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டை விஷயம். இந்த மாதிரி வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் சேஸிஸில் உள்ள ஒரு வால்வோடு சேர்ந்திருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும், கம்பி வால்வைத் திருப்பும், பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் பார்த்துக்கொள்ளும். இப்போது நீங்கள் இரண்டு பட்டை சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதே லோடுக்கு வண்டி முன்னைப் போல இறங்காது. வால்வு என்ன நினைக்கும்? வண்டியில் பாதி லோடுதான் இருக்கிறது என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைக்கும். அதாவது பட்டை சேர்த்து லோடைக் கூட்டினோம், அதே கையால் பிரேக்கைக் குறைத்தோம். பட்டை கட்டுகிற இடத்தில் இந்த வால்வைத் திரும்ப செட் பண்ணிக் கொடுக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கூடுதல் லோடின் எடை பட்டையோடு நிற்பதில்லை. அச்சு, ஹப் பேரிங், டயர், கிளட்ச், சேஸிஸ் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவைதான். 3 லட்சம் ஓடிய சேஸிஸில் பட்டை ஹேங்கர் பக்கத்திலும் கேபினுக்குப் பின்னாலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். சட்டப்படியும் பாருங்கள்: ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நம் லோடு. அதைத் தாண்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 சேரும். ஒரு தடவை மாட்டினால் எத்தனை நடையின் லாபம் போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வண்டி பின்னாடி உட்காருகிறது என்றால் இருக்கிற பட்டை தொய்ந்திருக்கிறது, அல்லது ஒன்று உடைந்திருக்கிறது. அதை மாற்றலாம். கம்பெனி கொடுத்த எண்ணிக்கையில், கம்பெனி கொடுத்த தடிமனில்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பற்றி. டீசல் இன்ஜின் 80, 90 டிகிரி சூட்டில்தான் ஒழுங்காக எரியும். வால்வு இல்லாவிட்டால் காலை நேரத்தில் வண்டி வெகுதூரம் குளிராகவே ஓடும். அந்த நேரத்தில் டீசல் அதிகம் போகும், சிலிண்டர் சுவரில் ஒட்டும் டீசல் ஆயிலில் கலக்கும், தேய்மானமும் கூடும். காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டர் வேறு சென்சாரைப் பார்த்து இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று டீசலைக் கூட்டிக் கொடுக்கும். இன்னொன்று, பல இன்ஜின்களில் இந்த வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். கழற்றிவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். முழு லோடில் ஹீட் குறைவதற்குப் பதில் கூடும். வால்வு சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.


உசிலம்பட்டி லோடு:

எல்.எஸ்.பி.வி. விஷயம் நல்ல விஷயம், அந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் வண்டியில் அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டில் மட்டும் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. காமன் ரெயிலுக்கு முந்தைய பழைய பம்ப் வண்டியில் வால்வு இல்லாமலே வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். காமன் ரெயிலுக்கு வேறு கணக்கு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன்.


நிலக்கோட்டை பூ:

ஹீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, ரேடியேட்டரில் என்ன தண்ணீர் இருக்கிறது? மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு. பழுப்பாகத் துருத் தண்ணீர் இருந்தால் முன்னால் வைத்திருந்தவர் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம்ம பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது.

நாங்கள் பூ லோடு. மல்லிகை விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஹீட் ஆகி நின்றால் ஏலம் முடிந்துவிடும், பூ விலை பாதிக்குப் பாதி ஆகிவிடும். அதனால் கூலன்ட்டில் கஞ்சம் பிடிப்பதே இல்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.


கப்பலூர் பட்டறை:

பூ அண்ணன் சரியாகச் சொன்னார். அதோடு ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், செலவு மிகக் குறைவு. அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. 0.9 பார் மூடி நன்றாகப் பிடித்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறத்தாழ 120 வரை தாங்கும். ரப்பர் போன மூடியில் அந்த இருபது டிகிரி போய்விடுகிறது.

ரேடியேட்டர் வெளிப்பக்கம் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி தண்ணீர் அடிக்க வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். அழுத்தம் அதிகம் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். ஃபேன் கப்ளிங்கும் பாருங்கள்: இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு, பிறகு கையால் சுற்றினால் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்க வேண்டும். கையை எடுத்தபிறகும் தானாகச் சுற்றினால் கப்ளிங் முடிந்துவிட்டது.


பரவை காய்கறி:

எல்லாருக்கும் நன்றி. பிரேக் பிரித்தாயிற்று. பின் இடது வீல் சிலிண்டர் ஈரமாக இருந்தது, ஷூ இரண்டு பக்கமும் ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரண்டு பக்கச் சிலிண்டரும் ஷூவும் மாற்றி, முன் பேட் மாற்றி, ஆயில் முழுக்கப் புதிது. மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்றார் மெக்கானிக். இப்போது முதல் மிதியிலேயே பாதிக்கு மேலே பிடிக்கிறது.

கப்பலூர் அண்ணன் சொன்ன அந்தக் கம்பியைத் தேடினேன். கம்பி இருக்கிறது, ஆனால் முன்னாள் ஓனர் அதைக் கட்டுக்கம்பியால் இழுத்து ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கிறார்! பட்டை ஏற்கெனவே ஒவ்வொரு பக்கமும் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதுதான் விஷயம் போல.

ரேடியேட்டர் தண்ணீர் செங்கல் நிறம். கழற்றிச் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கிறேன். கரும்புகைக்கு இன்ஜெக்டர் நான்கும் மாற்ற வேண்டும் என்கிறார்கள், மீதிப் பணம் முழுக்க அதிலேயே போய்விடும்.


சிறுமலை ரோடு:

கட்டுக்கம்பியை உடனே அவிழ்த்துவிடுங்கள் தம்பி. அப்படிக் கட்டினால் காலி வண்டியிலும் பின் பிரேக் முழு அழுத்தத்தில் பிடிக்கும். மழையில் காலியாகப் போகும்போது ஒரு மிதியில் பின்பக்கம் சுற்றிவிடும். மலை ரோட்டில் அதைவிடப் பயங்கரம் வேறில்லை.

நான் சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் இறக்குகிறவன். எங்கள் மலை பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, கொடைக்கானலைப் பார்க்கும்போது சின்ன மலைதான். ஆனால் வழக்கம் ஒன்றே: எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், காலியாக ஏறி லோடோடு இறங்குகிறவர் அதைவிட ஒரு கியர் குறைத்து. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது மகா தவறு. கியரில் இறங்கும்போது காமன் ரெயில் இன்ஜின் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு தடவை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். டிரம் ஆற நேரம் கிடைக்கும். கருகிய வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.


கப்பலூர் பட்டறை:

இன்ஜெக்டரை இப்போது தொடாதீர்கள் தம்பி. கரும்புகை என்றால் டீசல் எரியக் காற்று போதவில்லை என்று அர்த்தம். டீசல் அதிகம் என்பது ஒரு சாத்தியம்தான்; காற்று குறைவு என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்கக் காசு ஆகாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடுத்து டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள், அடிப்பக்கமும். ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு இடத்தில் கறுப்பாகப் படிந்திருந்தால் அங்கேதான் காற்று வெளியே போகிறது. நிற்கும்போது ஒன்றும் தெரியாது. லோடில் டர்போ காற்றழுத்தம் ஏறும்போதுதான் வெடிப்பு விரியும். உஸ் என்று சத்தம் கேட்கும், இழுவை போகும், புகை வரும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படியே அதுதான்.

இது சரியாக இருந்தால், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து அடைத்துவிடு என்பார்கள், அது புகைச் சோதனைக்கு எதிரான வேலை, கம்ப்யூட்டரிலும் பிழை காட்டும், வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர். அப்போதும் நான்கையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒரே நேரம் ஐடிலில் ஓடவிட்டால், எதில் டீசல் அதிகம் நிறைகிறதோ அதுதான் தேய்ந்தது.

இன்ஜின் பிரிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே செல்ஃபில் எடுக்கிறது, ஆயில் குறையவில்லை, நீலப்புகை இல்லை. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால்தான் பிஸ்டன் ரிங் பற்றிக் கவலைப்பட வேண்டும். 3 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து இன்ஜினைத் திறக்கக்கூடாது.


பரவை காய்கறி:

அண்ணே, குழாய்தான்! டர்போவிலிருந்து வரும் குழாயின் அடியில், கிளாம்ப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. புதுக் குழாயும் இரண்டு கிளாம்ப்பும் போட்டேன். ஏர் ஃபில்டரும் மாற்றினேன். வாடிப்பட்டி தாண்டி பாலம் ஏறும்போது நான்காவது கியரிலேயே ஏறுகிறது, கண்ணாடியில் புகை தெரியவில்லை. மெக்கானிக்குக்கும் ரொம்பச் சந்தோஷம்.


மேலமாசி ஸ்பேர்ஸ்:

வாழ்த்துகள் தம்பி. நான் ஸ்பேர்ஸ் கடையில் இருக்கிறேன், ஆயில் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் மறந்துவிடுகிறார்கள். வாங்கிய பழைய வண்டியில் மூன்றையும் ஒரே நேரம் வடியுங்கள். வடியும் ஆயிலை ஒரு தட்டில் பிடித்து, டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் தேய்மானம், அது எல்லா வண்டியிலும் இருக்கும். சில்லு சில்லாக இரும்பு இருந்தால் பல் உடைகிறது.

இரண்டுக்கும் 80-90 என்று ஒரே டப்பாவை வாங்கிப் போய்விடுகிறார்கள், அது தவறு. கியர்பாக்ஸில் சின்க்ரோ வளையங்கள் பித்தளை, ஜி.எல்.4 தர ஆயில் கேட்கும் பெட்டியில் ஜி.எல்.5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்க்கை நாளாவட்டத்தில் பித்தளையை அரிக்கும். டிஃபரன்ஷியலில் கிரவுனும் பினியனும் வழுக்கிக்கொண்டே கடிப்பவை, அங்கே ஜி.எல்.5 கட்டாயம். வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதைக் காட்டி வாங்குங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். வாரம் ஒருமுறை கொஞ்சம் வடித்துவிடுங்கள். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், இன்ஜெக்டர் முனை போய்விடும். போலி ஃபில்டர் மார்க்கெட்டில் தாராளமாக இருக்கிறது, விலை ரொம்பக் குறைவாக இருந்தால் பில் கேளுங்கள். பில் தரமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.


பரவை காய்கறி:

சரி அண்ணே, மூன்று ஆயிலும் மாற்றிவிடுகிறேன். இன்னும் ஐம்பதாயிரம் மிச்சம் இருக்கும் போலிருக்கிறது. விடிகாலை ஓட்டம் என்பதால் லைட் ஆசை விடவில்லை. ரீமேப்பும் கேட்டுப் பார்க்கலாமா? முன் டயர் இரண்டும் ரீட்ரெட் அடித்தவை (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியவை), பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.


நிலக்கோட்டை பூ:

லைட்டுக்கு ஆசைப்படுவது தவறே இல்லை, இராத்திரி ஓடுகிறவனுக்கு அதுவும் பாதுகாப்புச் சாமான்தான். ஆனால் புதுசு வாங்கும் முன் மல்டிமீட்டர் வைத்து பல்ப் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பழைய வண்டியில் சுவிட்சும் ஒயரும் கறுத்து, பேட்டரியில் 14 இருந்தாலும் பல்ப்புக்கு 12கூட வராது. ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர் இழுத்து ரிலே போட்டு, கம்பெனி அளவான 60/55 வாட் பல்ப்பே போடுங்கள். எர்த் ஒயரையும் புதிதாகத் தேய்த்து இறுக்கச் சொல்லுங்கள். மஞ்சளாக மங்கிய கண்ணாடியையும் பாலிஷ் செய்தால் பாதை வேறு மாதிரி தெரியும். ஹாலஜன் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்ப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். நத்தம் பக்கம் இருவழி ரோட்டில் எத்தனை தடவை கண் கூசி ஓரங்கட்டியிருக்கிறேன்.


கப்பலூர் பட்டறை:

முன் டயர் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். ரீட்ரெட் பின்னாடி ஓடட்டும், முன்னால் கூடவே கூடாது. பின்னாடி ஒட்டிய ரப்பர் உரிந்தால் வண்டி ஆடும், சமாளிக்கலாம். முன்னாடி உரிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. புதிது வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். பழைய ஸ்டாக் தருகிறார்களா என்று அதைப் பார்த்தால் தெரியும். டயரோடு வீல் அலைன்மென்ட். அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் மூட்டுகளான கிங் பின், டை ராடு எண்ட் ஆட்டம் பார்த்துவிட வேண்டும், ஆட்டத்தோடு செய்யும் அலைன்மென்ட் நிற்காது.

ரீமேப் வேண்டாம். கூட்டிய இழுவை தேய்ந்த கிளட்ச் வழியாகவும் பழைய டர்போ வழியாகவும்தான் போக வேண்டும். குழாயை மாற்றியதில் கிடைத்த இழுவைதான் இந்த வண்டியின் உண்மையான இழுவை, அது போதும் உங்கள் வேலைக்கு. டர்போவுக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மலை ஏறி நின்றதும், நான்கு வழிச்சாலையிலிருந்து இறங்கியதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு அது, ஆயில் நின்றபின் சூட்டில் சுற்றினால் பேரிங் கரியும்.


டி.என்.59 பேப்பர் வேலை:

ஒரு விஷயம், யாரும் கேட்கவில்லை. பேர் மாற்றியாயிற்றா? ஃபார்ம் 29, 30 கொடுத்தது மட்டும் போதாது. பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பழைய ஃபைனான்ஸ் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும், அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் ஃபார்ம் 35 போடாமல் விட்டிருப்பார்கள். பாக்கி அபராதமும் அங்கேயே தெரியும். இன்ஷூரன்ஸைப் பேர் மாற்றியதிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

2018 வண்டி என்பதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) கணக்கும் மாறும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒன்று, அதைத் தாண்டினால் வருஷா வருஷம். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. முன்னால் கம்பி கார்டு பற்றி முதல் பதிவில் பார்த்தேன்: 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மீறுவது என்று சொல்லிவிட்டது. போடாதீர்கள்.


தூத்துக்குடி ரோடு:

நான் மீன் வண்டி. பேப்பர் பற்றிப் பேச்சு வந்ததால், இனி வாங்கப் போகிறவர்களுக்காக ஒரு வரி. மீன் லோடு ஓடிய வண்டியை வாங்கினால் கீழே படுத்து சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை வழியாக இறங்கி கிராஸ் மெம்பரை உள்ளிருந்து தின்றிருக்கும், மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். நாங்கள் இறக்கிய கையோடு நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுகிறோம். செய்யாதவர்கள் நிறையப் பேர்.


பரவை காய்கறி:

பேப்பர் அண்ணே, ஃபைனான்ஸ் நிற்கத்தான் செய்கிறது. விற்றவரிடம் பேசிவிட்டேன், ஃபார்ம் 35 வாங்கித் தருகிறார். ரொம்ப நன்றி.

டயர் இரண்டும் லைட் ஒயரிங்கும் முடிந்தது. ரேடியேட்டர் வந்துவிட்டது, நேற்று மத்தியானம் திண்டுக்கல்லிலிருந்து லோடோடு வந்தேன், முள் பாதிக்குக் கீழேயே நின்றது. கடைசியாக ஒன்று. பட்டையைக் கழற்றிப் பார்த்ததில் வலது பக்கம் மூன்றாவது பட்டை உடைந்திருக்கிறது. கூடுதலாகப் போட்ட பட்டையை எடுத்துவிட்டு உடைந்ததை மட்டும் மாற்றினால் போதுமா, இரண்டு பக்கமும் முழு செட் மாற்ற வேண்டுமா?


கப்பலூர் பட்டறை:

இரண்டு பக்கப் பட்டைக் கட்டுகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரே உயரம் இருந்தால் உடைந்த ஒன்றை மட்டும் அதே அளவில் மாற்றி, கூடுதல் பட்டையை இரண்டு பக்கமும் எடுத்துவிடலாம். ஒரு பக்கம் தொய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் செட்டாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும். ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிது போடுங்கள். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது.

கட்டி முடிந்ததும் எல்.எஸ்.பி.வி. கம்பியை அங்கேயே காலி வண்டியில், கையேட்டில் உள்ள அளவுக்கு செட் செய்துகொள்ளுங்கள். வண்டியை வெளியே எடுத்த பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். முதல் லோடு ஒட்டன்சத்திரம் போய் வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து யூ போல்ட்டை மறுபடி டைட் வைக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது கட்டு தளரும். அப்படியே ஓட்டினால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சு ஒரு பக்கம் பின்னே நகர்ந்துவிடும். கொடைக்கானல் லோடு அதற்குப் பிறகு எடுங்கள்.